கியூவை வேறு சர்வருக்கு மாற்றினேன், மடல் போகவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பழைய மெயில் சர்வரை இன்றிரவு அணைத்தாக வேண்டும். கியூவில், அதாவது அனுப்பக் காத்திருக்கும் வரிசையில், இன்னும் நாலாயிரம் மடல் கிடக்கிறது. ஒரு பக்கம் எதிர் சர்வர் படுத்துவிட்டது, இன்னொரு பக்கம் யாருடைய பெட்டியோ நிரம்பி வழிகிறது. காரணம் எதுவாக இருந்தாலும் அந்த மடல்களைத் தூக்கி எறிய முடியாது. "கோப்புதானே, காப்பி பண்ணிப் போட்டால் போச்சு" என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். ஆனால் கியூக் கோப்பு பிறந்த வீட்டோடு ஒட்டிப் பிறந்தது. பெயருக்குள் பழைய டிஸ்கின் ஐனோட் எண் (கோப்புக்கு டிஸ்க் கொடுக்கும் அடையாள எண்) இருக்கும். கோப்பின் தேதியில் அடுத்த முயற்சிக்கான நேரம் இருக்கும். அனுமதி பிட்டில் "முழுதாக எழுதி முடித்தாயிற்று" என்ற முத்திரை இருக்கும். வழியில் இவற்றில் ஒன்று உதிர்ந்தாலும் போதும், தொல்லை ஆரம்பம்.

இங்கே சொல்வது இரண்டு பக்கமும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடும் நிலைக்கு. மற்றவற்றைப் பற்றிக் கடைசியில் இரண்டு வரி உண்டு. கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து, 'பெரிய' என்று சொன்ன இடத்தில் மட்டும் பேரெழுத்து. 'ஆல்' என்பது எப்போதும் பேரெழுத்தில்தான். அமைப்புகளின் பெயரில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு சர்வரிலும் 'சாஃப்ட் பவுன்ஸ்' அமைப்பை 'எஸ்' என்று வைத்து ரீலோடு செய்யுங்கள் (அமைப்பை மறுபடி படிக்கவையுங்கள்). நிரந்தர மறுப்பான 5 வரிசைப் பிழைகளை இது தற்காலிக மறுப்பாக மாற்றிக்கொள்ளும். நாம் செய்யும் தப்புக்கு மடல் பவுன்ஸ் ஆகாமல் (அனுப்பியவருக்கே திரும்பிப் போகாமல்) கியூவிலேயே நிற்கும். இந்த ஒரு வரியைப் போட மறந்துதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். பழைய சர்வர் உயிரோடு இருந்தால் கோப்பைத் தொடவே வேண்டாம். மடலை எந்த சர்வர் வழியாக அனுப்புவது என்று சொல்லும் அதன் 'ரிலேஹோஸ்ட்' அமைப்பில் புதிய சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, ரீலோடு செய்து, எல்லாவற்றையும் உடனே அனுப்பச் சொல்லும் 'போஸ்ட்கியூ -எஃப்' கொடுத்தால் மடல்கள் தாமாகவே எஸ்எம்டிபி (சர்வர்கள் மடல் பரிமாறும் முறை) வழியாக அங்கே போய்விடும். சதுர அடைப்புக்குறி இல்லாவிட்டால் எம்எக்ஸ் பதிவை (மடலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை) தேடிக்கொண்டு வேறெங்காவது போகும். என்னைக் கேட்டால் பத்தில் ஒன்பது தடவை இந்த வழிதான் சரி. மதர்போர்டு போய்விட்டது, டிஸ்க் மட்டும் கையில் இருக்கிறது, அல்லது பழைய இயந்திரத்திலிருந்து வெளியே போக நெட்வொர்க் இல்லை என்றால் மட்டும் கோப்பாக நகர்த்துங்கள்.

கோப்பு இருக்கிறது, ஆனால் கியூ காலி என்கிறது

பிறகு முயல ஒதுக்கிய மடல்கள் இருக்கும் டெஃபர்ட் கோப்புறையில் ஆயிரக்கணக்கான கோப்புகள். கியூவைப் பட்டியலிடும் 'போஸ்ட்கியூ -பி' தட்டினால் கியூ காலி என்று பதில். லாகிலும் சத்தமே இல்லை. முதன்முதலில் இதைப் பார்க்கும்போது தலை சுற்றும்.

எழுதி முடிக்கப்பட்ட கியூக் கோப்புக்கு 0700 என்ற அனுமதி இருக்க வேண்டும். பாதி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு 0600 ஆக இருக்கும். அந்த இயக்க பிட் இல்லாத கோப்பை "இன்னும் முடியவில்லை போல" என்று போஸ்ட்ஃபிக்ஸ் அமைதியாகத் தாண்டிப் போய்விடும். அனுமதியைக் காப்பாற்றாத முறையில் காப்பி செய்தால் இந்தக் கதிதான். டெஃபர்ட், ஹோல்ட் (நாமே நிறுத்திவைத்தவை) இரண்டிலும் உள்ள மடல் கோப்புகளுக்கு மட்டும் 0700 கொடுங்கள். புதிதாக உள்ளே வரும் மடல்களுக்கான பழைய இன்கமிங் கோப்புறையில் உண்மையிலேயே பாதியில் நின்ற கோப்புகள் இருக்கலாம். அங்கே மொத்தமாகக் கொடுத்தால் அரைகுறை மடல்கள் கிளம்பும்.

உரிமையாளரையும் பாருங்கள். கோப்பு போஸ்ட்ஃபிக்ஸ் பயனருடையதாக இருக்க வேண்டும். இரண்டு சர்வரிலும் அந்தப் பயனரின் எண் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து, காப்பி செய்யும் 'ஆர்சிங்க் -ஏ' ஓட்டினால் அது எண்ணை விட்டுப் பெயரைப் பார்த்துப் பொருத்தும், பிரச்சினை இல்லை. எண்ணையே வைத்துக்கொள்ளச் சொல்லும் விருப்பத்தைச் சேர்த்தால் புதிய இயந்திரத்தில் யாரோ ஒருவர் உங்கள் மடல்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

உள்ளூர் நிரல்கள் மடல் அனுப்ப முடியவில்லை, அனுமதி மறுப்பு

லாகில் 'போஸ்ட்டிராப்' என்ற பெயருடன், உள்ளூர் நிரல்கள் மடலைப் போடும் மெயில்டிராப் கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்று வரும். கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்) மடல்கள், இணையதளத்திலிருந்து கிளம்பும் மடல்கள் எல்லாம் நின்றுவிடும். கியூக் கோப்புறைகள் எல்லாம் இருக்கும் ஸ்பூல் கோப்புறை முழுவதையும் அப்படியே மேலே கொட்டியதால் மெயில்டிராப்பின் குழு மாறிப்போயிருக்கிறது. 'போஸ்ட்ஃபிக்ஸ் செட்-பெர்மிஷன்ஸ்' ஓட்டினால் சரியாகிவிடும்.

அடுத்த முறைக்கு ஒன்று: ஸ்பூலுக்குள் இருக்கும் பிரைவேட், பப்ளிக், பிட் ஆகியவை அந்தந்த இயந்திரத்துக்கானவை. அவற்றைக் கொண்டுவரக் கூடாது. மெயில்டிராப்பையும் கொண்டுவராமல் தப்பிக்கலாம். மூடும் முன் பழைய சர்வரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் மெயில்டிராப் தானாகக் காலியாகிவிடும். அதில் உள்ள மடல் வெளி நெட்வொர்க்குக்காகக் காத்திருப்பதில்லை.

பெயர்கள் மாறுகின்றன, அல்லது எண்ணிக்கை குறைகிறது

போஸ்ட்ஃபிக்ஸின் குட்டையான கியூப் பெயர் இரண்டு துண்டு: மைக்ரோ வினாடிக்கு ஐந்து எழுத்து, அதற்குப் பின் ஐனோட் எண். ஒரே டிஸ்கில் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புக்கு ஒரே ஐனோட் இருக்க முடியாது என்பதால் அங்கே பெயர் மோதாது. வேறு டிஸ்குக்குப் போனதும் அந்தக் கணக்கு உடைந்துவிடும். வந்த கோப்பின் பெயர் ஓர் எண்ணைச் சொல்லும், அதன் உண்மையான ஐனோட் வேறாக இருக்கும். நாளை வரும் புது மடலுக்கு அதே பெயர் அமைந்தால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். வாய்ப்பு குறைவுதான். ஆனால் தொலைந்த மடல் தொலைந்ததுதான், லாகில் தேடினாலும் கிடைக்காது.

மருந்து 'போஸ்ட்சூப்பர் -எஸ்'. புதிய சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். பெயரும் ஐனோட்டும் பொருந்தாத கோப்புகளுக்கு இது பெயர் மாற்றும், தப்பான துணைக் கோப்புறையில் இருப்பவற்றைச் சரியான இடத்துக்கு நகர்த்தும். ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். பெயர் மாற்றியதாக எதுவும் சொல்லாமல் அமைதியாக முடியும் வரை திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒன்றின் புதுப் பெயர் இன்னொன்றின் பழைய பெயராக இருந்தால் ஒரே சுற்றில் தீராது. 2012இல் வந்த 2.9 பதிப்பிலிருந்து 'எனேபிள் லாங் கியூ ஐடிஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் பழைய சர்வரில் ஏற்கெனவே போட்டிருந்தால் நீளப் பெயர்கள்தான் வந்திருக்கும், இந்தத் தலைவலி இல்லை. அது இயல்பாக அணைந்தே இருப்பதால் பெரும்பாலும் யாரும் போட்டிருப்பதில்லை.

புதிய சர்வரில் ஏற்கெனவே சொந்த கியூ ஓடிக்கொண்டிருந்தால்? அதன்மேல் கலக்காதீர்கள். காப்பி செய்யும்போதே ஒரே பெயருள்ள கோப்பு மேலெழுதப்பட்டுவிடும், போஸ்ட்சூப்பர் வருவதற்குள் காரியம் கெட்டிருக்கும். 'போஸ்ட்மல்டி' கொண்டு போஸ்ட்ஃபிக்ஸின் இரண்டாவது இன்ஸ்டன்ஸ் (தனி கியூவோடு தனியாக ஓடும் பிரதி) ஒன்றை உருவாக்கி, அதன் காலியான கியூவில் இறக்கி, அங்கிருந்து அனுப்பி முடித்துவிட்டு அதைக் கலைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சில மடல்கள் கெட்டுப்போனவற்றுக்கான கரப்ட் கோப்புறைக்குப் போய்விட்டால், வழியில் அறுந்துபோன காப்பி என்று பொருள். டிஸ்க் நிறைந்திருந்ததா என்று பாருங்கள். பழைய இடத்தில் மூலக் கோப்பு இருக்கும், திரும்ப எடுத்து வாருங்கள்.

கியூவில் தெரிகிறது, நகரவே இல்லை

இதற்கு நாலைந்து காரணம் உண்டு. எளிதானதிலிருந்து பார்ப்போம்.

பட்டியலில் மடல் எண்ணை ஒட்டி ஆச்சரியக்குறி இருக்கிறதா? அது ஹோல்டில் இருக்கிறது. மாற்றும் முன் 'போஸ்ட்சூப்பர் -எச் ஆல்' போட்டு நிறுத்தியதை மறந்திருப்பீர்கள். விடுவிக்க 'பெரிய எச்'.

ஆச்சரியக்குறி இல்லை என்றால் கோப்பின் தேதியைப் பாருங்கள். டெஃபர்ட் கோப்பின் தேதி வருங்காலத்தில் இருக்கும். கெட்டுப்போகவில்லை, அடுத்து எப்போது முயல வேண்டும் என்பதை போஸ்ட்ஃபிக்ஸ் அதில்தான் குறித்துவைக்கிறது. இயல்பான அமைப்பில் இடைவெளி 300 வினாடியில் தொடங்கி 4000 வினாடி வரை நீளும். அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேலும் சும்மா இருக்கலாம். பொறுமை இல்லையென்றால் 'போஸ்ட்கியூ -எஃப்'. புதிய இயந்திரத்தின் கடிகாரம் பின்தங்கி ஓடினால் இந்த இடைவெளி இன்னும் நீளும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

முயற்சி நடக்கிறது, ஆனால் 127.0.0.1 முகவரியில் (அதாவது அதே இயந்திரத்தில்) 10024 போர்ட்டில் இணைப்பு மறுப்பு என்று லாக் சொல்கிறதா? பழைய சர்வரில் அமாவிஸ் போன்ற வைரஸ், ஸ்பேம் வடிகட்டி இருந்திருக்கும். மடலை வாங்கும்போதே "இதை வடிகட்டிக்கு அனுப்பு" என்ற குறிப்பு கியூக் கோப்புக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. புதிய சர்வரின் அமைப்புக் கோப்பில் அந்த வரியே இல்லாவிட்டாலும் மடல் அதைத்தான் தேடும். வரியைத் தேடித்தேடிச் சலிப்பதுதான் மிச்சம். 'போஸ்ட்சூப்பர் -ஆர் ஆல்' போட்டால் ஒவ்வொரு மடலும் மெயில்டிராப்புக்குத் திரும்பி, புதுக் கோப்பாக மறுபடி கியூவில் ஏறும். பழைய குறிப்பு நீங்கிவிடும். முகவரி மாற்ற விதிகளும் புதிய சர்வரில் உள்ளபடி மறுபடி பொருத்தப்படும். புதிய இடத்தில் விர்ச்சுவல் முகவரிப் பட்டியல் வேறாக இருந்தால் இதைச் செய்யும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

எந்த டொமைனுக்கும் எம்எக்ஸ் கிடைக்கவில்லை என்று வருகிறது, ஆனால் ஷெல்லில் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் 'டிக்' தட்டினால் எல்லாம் கிடைக்கிறது. இது டெபியன், உபுண்டுவின் பல பதிப்புகளில் வரும் வேடிக்கை. அங்கே போஸ்ட்ஃபிக்ஸின் பகுதிகள் ஸ்பூல் கோப்புறைக்குள் அடைபட்டு ஓடும். ஆகவே அதற்குள்ளேயே ஓர் 'இடிசி' கோப்புறையும் அதில் டிஎன்எஸ் முகவரி சொல்லும் கோப்பும் இருக்கும். ஸ்பூலை மொத்தமாகக் காப்பி செய்தபோது பழைய அலுவலகத்தின் டிஎன்எஸ் முகவரி கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது. ரீலோடு போதாது. முழுதாக நிறுத்தித் தொடங்குங்கள், தொடங்கும்போது சரியான கோப்பு மறுபடி உள்ளே போகும்.

ஒரே மடல் இரண்டு முறை போகிறது

இதில் எனக்கு அனுபவம் உண்டு. வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியூவைக் காப்பி எடுத்தேன். புதியதைக் கிளப்பினேன், பழையதை நிறுத்தினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மறுநாள் மின்வெட்டுக்குப் பிறகு பழைய இயந்திரம் தானாக எழுந்தது. அதனுடன் போஸ்ட்ஃபிக்ஸும் எழுந்து, மிச்சம் இருந்த கியூவைச் சிரத்தையாக அனுப்பி முடித்தது. அந்த மாதச் சம்பளச் சீட்டு பலருக்கு இரண்டு தடவை போனது. "சம்பளமும் இரண்டு தடவை வருமா?" என்று கணக்குப் பிரிவுக்கு வந்த விசாரிப்புகளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு மடலுக்கு இருபது பெறுநர் இருந்து பன்னிரண்டு பேருக்குப் போய்விட்டால், போனவர்களை போஸ்ட்ஃபிக்ஸ் கியூக் கோப்புக்குள்ளேயே குறித்துக்கொள்ளும். காப்பி எடுத்த பிறகு நடந்த டெலிவரி காப்பிக்குத் தெரியாது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் பழையதை நிறுத்து, பிறகு காப்பி, பிறகு பழைய கியூக் கோப்புறைகளை ஸ்பூலுக்கு வெளியே நகர்த்து. இயந்திரம் எழும்போது நிரல்களைத் தொடங்கும் சிஸ்டம்டியில் 'டிசேபிள்' போதாது, 'மாஸ்க்' போடுங்கள். ஏற்கெனவே இரட்டிப்பாகப் போனவற்றைத் திரும்ப வாங்க வழியில்லை, மன்னிப்பு மடல் ஒன்றுதான். அதையும் இரண்டு முறை அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிலே வழியில் (ரிலேஹோஸ்ட் மூலம் அனுப்பும்போது) வரும் மறுப்புகள்

ரிலே மறுக்கப்பட்டது என்று 454 அல்லது 554 எண்ணுடன் வந்தால், பழைய சர்வரின் ஐபி புதியதன் 'மைநெட்வொர்க்ஸ்' (நம்பி ரிலே செய்ய விடும் முகவரிகள்) பட்டியலில் இல்லை. அந்த ஒரு முகவரியை மட்டும் சேருங்கள், முழு நெட்வொர்க்கையும் திறந்துவிடாதீர்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். எஸ்பிஎஃப் (இந்த டொமைனின் மடலை அனுப்ப இந்த ஐபிக்கு உரிமை உண்டா என்ற) சோதனையில் தோற்று மறுக்கப்பட்டாலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். புதிய சர்வரின் பார்வையில் உலகத்து மடலெல்லாம் உங்கள் பழைய ஐபியிலிருந்து வருகிறது, சந்தேகப்படாமல் என்ன செய்யும்? கட்டுப்பாட்டு வரிகளில் மைநெட்வொர்க்ஸ் அனுமதி எஸ்பிஎஃப் சோதனைக்கு முன்னால் வர வேண்டும்.

மடல் தன்னிடமே சுற்றி வருகிறது என்ற பிழை, அதற்கு முன் "எதிர் சர்வர் என் பெயரையே சொல்லி வரவேற்றது" என்ற எச்சரிக்கை. அமைப்புக் கோப்பை அப்படியே நகல் எடுத்ததால் இரண்டு சர்வருக்கும் ஒரே 'மைஹோஸ்ட்நேம்'. பழையதன் பெயரைத் தற்காலிகமாக மாற்றுங்கள், போதும். எச்சரிக்கை இல்லாமல் புதிய சர்வரிலேயே இந்தப் பிழை வந்தால், டொமைனின் எம்எக்ஸ் புதியதைக் காட்டுகிறது, ஆனால் அந்த டொமைன் தன்னுடையது என்று புதியதற்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய மடல்கள் மட்டும் 552 எண்ணுடன் நின்றால் 'மெசேஜ் சைஸ் லிமிட்'. இயல்பான அளவு 10240000 பைட். பழையதில் யாரோ இயக்குநரின் பிரசென்டேஷனுக்காக 30 எம்பி ஆக்கி வைத்திருப்பார்கள்.

ரிலேஹோஸ்ட் மாற்றியும் சில டொமைன்கள் மட்டும் பழைய வழியிலேயே போனால், 'டிரான்ஸ்போர்ட் மேப்ஸ்' கோப்பில் அவற்றுக்குத் தனி வரி இருக்கும். அதற்குத்தான் முன்னுரிமை.

விடுவித்ததும் காலாவதி என்று பவுன்ஸ்

லாகில் காலாவதி ஆனதால் அனுப்பியவருக்கே திருப்பப்பட்டது என்று வரும். மடலின் வயது கோப்பின் தேதியில் இல்லை, உள்ளே எழுதப்பட்ட வருகை நேரத்தில் இருக்கிறது. இயல்பான ஆயுள் 5 நாள். ஹோல்டில் இருக்கும் வரை காலாவதி ஆகாது. ஆனால் ஆறு நாள் ஹோல்டில் வைத்துவிட்டு பெரிய எச் போட்டு விடுவித்தால், முதல் முயற்சி தோற்றவுடன் பவுன்ஸ்தான். இதை சாஃப்ட் பவுன்ஸும் காப்பாற்றாது. நாள்பட்ட மடல்களை '-ஆர்' போட்டு விடுவியுங்கள். புதுக் கோப்பாக ஏறுவதால் வயதும் புதிதாகத் தொடங்கும். இல்லாவிட்டால் 'மேக்ஸிமல் கியூ லைஃப்டைம்', 'பவுன்ஸ் கியூ லைஃப்டைம்' இரண்டையும் மாற்றம் முடியும் வரை பத்து நாளாக்கி வையுங்கள்.

புதிய சர்வரிலிருந்து வெளியே போகவில்லை

எல்லா டொமைனுக்கும் இணைப்பு நேரம் கடந்துவிட்டது என்றால் 25ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறது. அமேசான் இசி2வில் இது இயல்பாகவே மூடியிருக்கும், விண்ணப்பித்துத் திறக்க வேண்டும். கூகுள் கிளவுடில் வெளியுலகுக்கு 25 பெரும்பாலும் கிடையாது, அப்போது 587 வழியாக வேறொரு ரிலேயைத்தான் பிடிக்க வேண்டும். இதைக் கியூவை மாற்றும் முன்பே சோதித்திருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. நானும் இரண்டாவது முறைதான் சோதித்தேன்.

ஜிமெயில் மட்டும் 421 என்று தள்ளிப்போட்டால், அறிமுகமே இல்லாத ஐபியிலிருந்து ஒரேயடியாக மடல்கள் கொட்டுகின்றன. கோப்புத் தேதிகள் காப்பியில் தொலைந்திருந்தால் நாலாயிரமும் ஒரே சுற்றில் கிளம்பிவிடும். எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டு, இருநூறு இருநூறாக விடுவியுங்கள். போஸ்ட்சூப்பர் மடல் எண்களை உள்ளீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும், எண் வரும் இடத்தில் ஒரு சிறுகோடு மட்டும் போட்டால் போதும். 'எஸ்எம்டிபி டெஸ்டினேஷன் ரேட் டிலே' அமைப்பில் ஒரு வினாடி கொடுத்தாலும் வேகம் தணியும். ஐபிக்குப் பிடிஆர் பதிவு (ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இருக்கிறதா, எஸ்பிஎஃப் பதிவில் புதிய ஐபி சேர்ந்ததா என்றும் பாருங்கள். புதிய இயந்திரத்தில் ஐபிவி6 தானாக இயங்கி, அதற்குப் பிடிஆர் இல்லாமல் இருந்தால் ஜிமெயில் மறுக்கும். 'ஐநெட் புரோட்டோகால்ஸ்' அமைப்பில் ஐபிவி4 மட்டும் என்று வைத்தால் அன்றைய பொழுது ஓடும்.

மடல் உண்மையானது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்து பொதுவாக மடலை வாங்கும்போதே போடப்பட்டு, கியூவில் மடலோடு சேர்ந்து இருக்கும். புதிய சர்வர் புதிய செலக்டரோடு (கையெழுத்துச் சாவியின் பெயரோடு) வந்துவிட்டது என்று பழைய செலக்டரின் டிஎன்எஸ் பதிவை அழித்துவிட்டால் கியூவில் கிடக்கும் மடல்களின் கையெழுத்து செல்லாமல் போகும். கடைசிப் பழைய மடல் போகும் வரை அந்தப் பதிவு இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் ஒரே மென்பொருள் இல்லையா

எக்சிம் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஒரு மடலை -பெரிய எச், -பெரிய டி என்று முடியும் இரண்டு கோப்பாக வைக்கும். சென்ட்மெயில் என்ற இன்னொன்று கியூஎஃப், டிஎஃப் என்று தொடங்கும் கோப்புகளாக வைக்கும். ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குப் புரியாது, எஸ்எம்டிபி ரிலே மட்டுமே வழி. எக்சிமிலிருந்து எக்சிமுக்கே போனாலும் பதிப்பைப் பாருங்கள். 4.97இல் மடல் எண்ணின் நீளம் கூடிவிட்டது, அதற்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பினால் 'எக்சிம் ஐடி அப்டேட்' கருவி தேவைப்படும்.

இரண்டு பக்கமும் கியூ காலி என்று வந்த பிறகு சாஃப்ட் பவுன்ஸை எடுத்துவிடுங்கள். அது அப்படியே கிடந்தால் இல்லாத முகவரிக்குப் போன மடல்கூட ஐந்து நாள் கியூவில் படுத்திருக்கும். அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.